நாற்பத்தேழு அம்மாக்கள்

டயர் கடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் இரும்புப் படியில் ஏறிப் போனால் ஒரு நீள அறை வரும். அங்கே கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இருந்தது ஒரே ஆள். அவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கொடுத்தார், அவ்வளவுதான். கைவசம் ஆறு கட்டுரைகள் வைத்திருந்தார்: தாய், தண்ணீர், உழைப்பு, நேரம், தோல்வி, புத்தகம். உலகத்தில் எந்தத் தலைப்பைக் கேட்டாலும் மூன்றாவது வரிக்குள் இந்த ஆறில் ஒன்றுக்கு அதை இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் பாடம். சாலை விபத்து என்று கேட்டால் நேரம். காடு அழிகிறது என்றால் தண்ணீர். ஒன்றும் பிடிபடாவிட்டால் தாய்.

பிள்ளைகள் அவருக்கு 'முன்னுரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பு தொடங்கி ஒன்றரை மாதம் ஆனாலும் முன்னுரையை விட்டு நகரமாட்டார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான், சட்டைப்பையில் கறுப்பு, நீலம், சிவப்பு என்று மூன்று பேனா. கீழே ரிம்மிலிருந்து டயரை நெம்பிக் கழற்ற சம்மட்டி விழும்போதெல்லாம் அவருடைய வாக்கியம் பாதியில் நின்று, முதலிலிருந்து மறுபடி கிளம்பும். கீழே வேலை செய்கிறவர்களை அவர் படிக்காத ஜனம் என்பார். மேலே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அறுபது பேரைப் படிப்பு ஏறாத ஜனம் என்பார். அவர்களைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களைப் பற்றிக் கேட்டால், கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு வந்து "இது பேசணும்" என்று கேட்கிற கூட்டம் என்பார். தேர்வுத் தாள் திருத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கண்ணால் தடவிவிட்டு மார்க் போடுகிற சோம்பேறிகள். இதில் அவர் சொன்னது முழுக்கத் தப்பென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவரே கல்லூரி வேலைக்குப் பதினோரு முறை மனுப் போட்டு, பதினோரு முறையும் நேர்காணலோடு திரும்பி வந்தவர். அந்தக் கல்லூரிகளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அதை அச்சில் போட முடியாது.

வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட இரண்டடிக்கு ஒரு பால்கனி. மனைவி பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களின் பெயரை எழுதி, வீங்கிய கன்னங்களை வரிசையில் உட்கார வைக்கிற வேலை. அவளுடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவர் கட்டுரையை உருவாக்கியதும் அவள்தான் நல்ல தாளில் பிரதி எடுப்பாள். அதைத்தான் நகல் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். கணினியில் அடித்தால் மண்டையில் ஏறாது, கையெழுத்தில் இருந்தால்தான் மனப்பாடம் நிற்கும் என்பது அவருடைய சித்தாந்தம். பதினாறு வருடமாக அவள் எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதிய பக்கங்களை அடுக்கினால் ஆள் உயரம் வரும். அதில் அவளுடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை.

மனைவியின் தங்கை, முப்பத்து மூன்று வயதுக்காரி, புருஷனை விட்டு வந்து இவர்களோடு இருந்தாள். ஏன் விட்டாள் என்று இவர் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு அது சுவாரசியமான விஷயம் என்று அவருக்குப் படவில்லை. அவளுக்குப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து விழும் துணியைப் பிரித்து, கறை வாரியாக ஒதுக்கி, உருளை எந்திரத்தில் போட்டு எடுத்து, நீராவி ரோலரில் கொடுத்து மடித்து, மறுபடி வார்டுக்கு அனுப்ப வேண்டும். விரல் நுனியெல்லாம் சோடா அரித்துத் தோல் வெளுத்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் அவளிடமிருந்து பிளீச்சிங் வாசனை வருகிறது என்று சொல்லி, முன்னுரை தன் தட்டைச் சன்னல் பக்கமாக நகர்த்திக்கொள்வார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் நுழைவுத் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னாள். நாற்பது வயதுவரை எழுதலாமாம், ஆய்வுக்கூடப் படிப்பில் சேரப்போகிறாளாம். முன்னுரைக்குச் சிரிப்பு வந்தது. சலவைக்காரிக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டார். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எட்டு வருஷமா ரத்தத்தைத் துடைச்சுப் போடறேன் மாமா. அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவையாவது பார்க்கணும்."

கணக்கும் பொது அறிவும் அவளே படித்துக்கொண்டாள். ஷிப்ட் இடைவேளையில் சலவைக்கூடத்துத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தாள். கட்டுரைக்கு மட்டும் அக்கா வற்புறுத்தியதால் முன்னுரை சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம். டயர் கடை மாடியில் இருக்கும் சென்டருக்கு வரக் கூடாது என்பது நிபந்தனை. அங்கே டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், மச்சினி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் தன் பெயர் என்ன ஆவது?

அவளுக்கு அந்த ஆறு கட்டுரையும் வாயில் நிற்கவில்லை. 'கடமை என்னும் கடலில் உழைப்பு என்னும் ஓடம்' என்ற வரியைப் பத்து முறை எழுதச் சொன்னார். ஐந்தாவது முறை அவள், கடமைதான் கடல் என்றால் அதை ஏன் தாண்ட வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அவர் பேனாவை மூடிவிட்டார். உனக்கெல்லாம் மாதிரிக் கட்டுரை சரிப்படாது, நீயாக எதையாவது எழுதிக்கொண்டு வா, எவ்வளவு மோசமாக எழுதுகிறாய் என்று உனக்கே தெரியட்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்பு, 'ஒரு ஷிப்ட்'. முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. காலை ஆறு மணிக்கு மூட்டை வந்து விழுவதில் தொடங்கி, இரண்டு மணிக்குக் கையைக் கழுவுவதில் முடிந்தது. எந்த வார்டு என்று துணியை விரித்ததுமே சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தாள். எலும்பு முறிவு வார்டு விரிப்பில் ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருக்கும், மறு பக்கம் திரும்ப முடியாதே. பிரசவ வார்டுத் துணிக்குத்தான் கனம் அதிகம். இறந்து போனவர்களின் விரிப்பு அவ்வளவாகக் கசங்கியிருக்காது. ஒரு தடவை தலையணை உறைக்குள் யாரோ கழற்றி வைத்த பல்செட் இருந்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார்.

முன்னுரை நின்றபடியே படித்தார். இருபதுக்கு மூன்று மார்க் போட்டார். 'இது கட்டுரை அல்ல, சலவைக்குப் போட்ட துணியின் பட்டியல்' என்று ஓரத்தில் சிவப்பில் எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டு, "பட்டியல்தான் மாமா. வேலையே பட்டியல்தானே" என்று சொல்லி ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாள். நோட்டு மேசையிலேயே கிடந்தது.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தேர்வு வாரியம் ஓர் அறிவிப்பு விட்டது. இந்த ஆண்டிலிருந்து கட்டுரை சொந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட வேண்டும், பொதுப்படையான கட்டுரைகளுக்கு மார்க் கிடையாது. முன்னுரையின் ஆறு கட்டுரையும் ஒரே நாளில் ஓட்டைப் பாத்திரமாகிப் போயின. பிள்ளைகளிடம் அனுபவம் கேட்டார். ஒருத்தி பூனை காணாமல் போனதைச் சொன்னாள். ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொன்னான், அதுவும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்ததாம். பதினேழு வருடம் சாப்பிட்டுத் தூங்கியதைத் தவிர இந்த ஜென்மங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். தானே எழுதலாம் என்று உட்கார்ந்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தார். ஐம்பது வருடத்தில் தனக்கு நடந்தது என்ன என்று யோசித்தபோது பதினோரு நேர்காணல்தான் நினைவுக்கு வந்தது. அதை எழுதி அறுபது பேருக்குக் கொடுக்க முடியுமா?

மறுநாள் மச்சினியின் நோட்டை எடுத்தார். திருடுகிறோம் என்ற எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் வரவில்லை. ரோட்டில் கிடக்கிற கல்லை எடுத்துச் சிலை செதுக்குகிறவன் கல்லுக்கு நன்றி சொல்வானா என்ற நினைப்புதான். 'நான்' என்று இருந்ததை 'என் தாய்' என்று மாற்றினார். பதினேழு வயதுப் பிள்ளை தானே சலவைக்கூடத்தில் வேலை செய்ததாக எழுத முடியாதே. வியர்வை முத்துகளைச் சேர்த்தார். பல்செட்டை எடுத்துவிட்டார், அது அசிங்கம். கடைசியில், அந்தக் கைகளைத் தொட்டு வணங்கிக் கல்லூரிக்குள் அடியெடுத்து வைப்பேன் என்று ஒரு முடிவுரை வைத்தார். மனைவியிடம் பிரதி எடுக்கக் கொடுத்தார்.

அவள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். இது தங்கச்சி எழுதியதாச்சே என்றாள். அவள் எழுதியது வெறும் குப்பை, கட்டுரை ஆக்கியது நான் என்றார் இவர். அவளிடம் கேட்டீர்களா என்றாள். கேட்க என்ன இருக்கிறது, அவள் ஒன்றும் சென்டர் பிள்ளைகளோடு போட்டி போட்டு டாக்டர் ஆகப் போகிறவள் இல்லையே என்றார். மனைவி பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு எழுதத் தொடங்கினாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்று பக்கம். தங்கையிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குத் தங்கை வேலையிலிருந்து வந்தபோது அவளுக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள். வழக்கமாக ஒன்றுதான்.

தேர்வில் வந்த தலைப்பு 'ஒரு நாள் வேலை'. முன்னுரைக்குத் தலைகால் புரியவில்லை. டயர் கடைக்காரரிடமே போய்ச் சொன்னார். வேறு யாரும் அருகில் இல்லை, அதனால் படிக்காத ஜனத்திடமும் பெருமை பேச வேண்டியதாயிற்று. மச்சினியும் எழுதிவிட்டு வந்தாள். என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது என்ற சின்ன விஷயம் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து வாரம் கழித்து முடிவுகள் வந்தன. மச்சினிக்கு முடிவுக்குப் பதில் ஒரு கடிதம் வந்தது. கட்டுரைத் தாளில் முறைகேடு நடந்ததாகச் சந்தேகம், முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விசாரணைக்கு நேரில் வரவும். அவள் அதைச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். எட்டு வருடத்தில் ஒரு துண்டுகூடக் காணாமல் போகவிடாதவளை முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அக்காவைத்தான் பார்த்தாள். முன்னுரை குளிக்கப் போயிருந்தார். அக்கா அலமாரியைத் திறந்து, கட்டுக்கடியிலிருந்து அந்த மூன்று பக்க நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். தங்கை நின்றபடி முழுக்கப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, அதை மறுபடி படித்தாள். பிறகு தாளை ஒழுங்காக, நான்கு மூலையும் சேரும்படி மடித்தாள். விரிப்பு மடித்துப் பழகிய கை.

"கையெழுத்து ரொம்ப நல்லாருக்குக்கா" என்றாள்.

அக்காவுக்கு அழுகை வந்தது. தங்கை அதற்கு நிற்கவில்லை, பால்கனியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

விசாரணைக்கு முன்னுரையையும் அழைத்திருந்தார்கள். நாற்பத்தேழு தாள்களில் ஒரே அம்மா. ஒரே மருத்துவமனையின் ஒரே சலவைக்கூடத்தில் நாற்பத்தேழு பேருடைய அம்மாக்களும் ஒரே ஷிப்டில் வேலை செய்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா பிரபலமான வக்கீல். தாள் திருத்தியவர்கள் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும்தான் பார்த்தார்கள் என்றாலும், நாற்பத்தேழு முறை ஒரே கைகளைத் தொட்டு வணங்கினால் எந்தச் சோம்பேறிக்கும் உறுத்தத்தானே செய்யும்?

பேருந்தில் போகும்போது முன்னுரை மச்சினிக்கு யோசனை சொன்னார். மாதிரிக் கட்டுரை கொடுப்பது குற்றமில்லை, அதைப் படித்து எழுதுவதும் குற்றமில்லை. மீறிப் போனால் கட்டுரைக்கு மட்டும் பூஜ்யம் போடுவார்கள், தடை விதிக்கமாட்டார்கள். அதனால் நீயும் மாமாவுடைய மாதிரியைப் படித்துத்தான் எழுதினேன் என்று சொல்லிவிடு, அடுத்த வருடம் நானே ஸ்பெஷலாக ஒன்று எழுதித் தருகிறேன். இல்லை, என்னுடையது என்று நீ கிளம்பினால், தோண்டித் துருவி சென்டரை மூடவைப்பார்கள், உன் அக்கா வீட்டுச் சோற்றில் மண் விழும். இதை அவர் கிட்டத்தட்ட அன்பாகவே சொன்னார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்து, ரோட்டோரத்தில் தண்ணீர் நின்றிருந்தது. கேட்டாயா என்று இரண்டு தடவை கேட்டார். கேட்டேன் என்றாள்.

வாரிய அலுவலகத்தில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு அடிக்கடி கடிகாரம் பார்க்கிறவர். ஒரு பக்கம் குறிப்பெடுக்கும் எழுத்தர். மறுபக்கம் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு அம்மா, தாள் திருத்தும் குழுவுக்குத் தலைமை. அந்த அம்மா முன்னால் நாற்பத்தெட்டுத் தாள்களும் அடுக்கியிருந்தன. ஒன்றை மட்டும் தனியே வைத்திருந்தார்.

தலைவர் முன்னுரையிடம் ஆரம்பித்தார். மாதிரி உங்களுடையதா என்றார். ஆம் என்றார் முன்னுரை. யாருடைய அனுபவம் என்றார். என் கற்பனை என்றார். அப்படிச் சொல்லும்போது சட்டைக் கைப்பொத்தானைச் சரிசெய்துகொண்டார். தலைவர் மச்சினியிடம் திரும்பி, நீங்களும் இதைப் பார்த்துத்தான் எழுதினீர்களா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் முன்னுரை முந்திக்கொண்டு, என் மனைவியின் தங்கைதான், வீட்டில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், மற்றவர்களைப் போல இவளும் மாதிரியைத்தான் எழுதியிருக்கிறாள், கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பாள், அவ்வளவு திறமை இல்லை என்றார். தலைவருக்கு அது போதும் போலிருந்தது. எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"சார், ஒரு சந்தேகம். உங்க மாதிரியில, ரத்தக்கறை படிஞ்ச விரிப்பை அந்தத் தாய் 'கொதிக்கும் நீரில் அமிழ்த்தினாள்'னு வருது. நாப்பத்தேழு பிள்ளைங்களும் கொதிக்கும் நீர்னுதான் எழுதியிருக்காங்க. எதுக்குக் கொதிக்கும் நீர்?"

உழைப்பின் கடுமையைக் காட்டத்தான் என்றார் முன்னுரை. வெறும் தண்ணீர் என்றால் படிக்கிறவர் மனத்தில் தைக்காது, கொதிக்கும் நீர் என்றால் அந்தக் கைகள் படும் பாடு கண்ணில் தெரியும். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது அவருக்கு. இரண்டு நிமிடம் விளக்கினார்.

அந்த அம்மா மச்சினியிடம் திரும்பினார். "நீங்க மட்டும் பச்சைத் தண்ணின்னு எழுதியிருக்கீங்க. ஏம்மா?"

"சுடுதண்ணில போட்டா ரத்தம் நூலோட ஒட்டிக்கும் மேடம். முட்டை வெந்து இறுகற மாதிரி. அப்புறம் எதைப் போட்டாலும் போகாது, விரிப்பை எறிய வேண்டியதுதான். முதல்ல பச்சைத் தண்ணில அலசி, ரத்தமெல்லாம் விட்டப்புறம்தான் சூடு காட்டணும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிடுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்" என்றாள்.

"எந்தப் பொம்பளைக்குத்தான் தெரியாது?" என்றார் அந்த அம்மா. பிறகு தலைவர் பக்கம் திரும்பி, குரலை ஏற்றாமல் பேசினார். "இந்த நாப்பத்தேழுல இருபத்தொன்பது பொண்ணுங்க சார். பன்னெண்டு பதிமூணு வயசுலேருந்து மாசாமாசம் பச்சைத் தண்ணில அலசறவங்க. அத்தனை பேரும் கொதிக்கும் நீர்னு எழுதிட்டு வந்திருக்காங்க. ஒருத்திக்குக்கூடக் கை நிக்கல. இவர்கிட்ட அவங்க கத்துக்கிட்டது அதுதான்."

எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். முன்னுரை எதையோ சொல்ல வாயெடுத்தார், தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தலைவருக்கு முகம் சிவந்திருந்தது. அது கோபமா, பெண்கள் சமாசாரத்தைச் சபையில் பேசிவிட்டதாலா என்று தெரியவில்லை. பல்செட் கதை உண்மையா என்று அவர் மச்சினியிடம் கேட்டார். உண்மைதான் சார், அதை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறோம், யாரும் கேட்டு வரவில்லை என்றாள் அவள்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. நாற்பத்தேழு பேருக்கும் கட்டுரையில் பூஜ்யம். நாற்பத்தெட்டாவது தாளுக்கு இருபதுக்குப் பதினாறு. கடைசி வரி வரைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

விசாரணை முடிந்து வந்த அன்றே முன்னுரை மனைவியிடம் கேட்டிருந்தார். சமையலறை வாசலில் நின்று, கொதிக்கும் நீர் தப்பென்று உனக்குத் தெரியுமா என்றார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தெரியும் என்றாள். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றார்.

"நீங்க திருத்தச் சொல்லலையே. எழுதத்தானே சொன்னீங்க."

"தப்புன்னு தெரிஞ்சே எழுதினியா?"

"ஆமா. தப்பாவே போகட்டும்னு விட்டேன்." அவள் குழாயை மூடினாள். "தங்கச்சிகிட்டச் சொல்லத் தைரியம் வரல. உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லவும் தைரியம் வரல. அந்த ஒரு வரியாவது அவளுது அவளுக்கே இருக்கட்டும்னு விட்டேன். அது நல்ல காரியம்னு நான் சொல்லிக்கல."

பதினாறு வருடம் தன் எழுத்தைப் பிரதி எடுத்தவள் தன் எழுத்தைப் படித்துக்கொண்டும் இருந்தாள் என்பது முன்னுரைக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவருக்கு அவமானமாக இருந்தது. பத்து நாள் கழித்து வந்த நாற்பத்தேழு பூஜ்யம்கூட அவ்வளவு அவமானமாக இருக்கவில்லை.

தங்கை அந்த மாதக் கடைசியில் கிளம்பினாள். கூட வேலை செய்கிற இன்னொருத்தியோடு மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருந்தாள். காலையில் கல்லூரி, சாயங்கால ஷிப்டில் சலவைக்கூடம். ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். அக்கா பெட்டியைத் தூக்க வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு பக்கக் கைப்பிடியைக் கொடுத்தாள். இரண்டு பேருமாக மூன்று மாடி இறங்கினார்கள். பேருந்து வந்ததும் தங்கை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சும்மாதான் இருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள்.

இனி முன்னுரையின் கதை முடிந்தது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். முதல் வாரம் சில அப்பாக்கள் இரும்புப் படியில் ஏறி வந்து கத்தினார்கள். வக்கீல் அம்மா, தன்னைச் சலவைக்காரி ஆக்கியதற்கு வழக்குப் போடுவேன் என்றார். மகளுக்கு விழுந்த பூஜ்யம் அவருக்கு இரண்டாவது கோபம்தான். டயர் கடைக்காரர் மேலே வந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டார். அதற்கு முன்னுரை நன்றி சொல்லவில்லை.

பிறகு காற்று மாறியது. 'அந்தத் தலைப்பு வருமென்று மூன்று மாதம் முன்னாலேயே தெரிந்து வைத்திருந்த ஆள்' என்று எங்கோ பேச்சு கிளம்பி, கடை கடையாக, வீடு வீடாகப் பரவியது. பூஜ்யம் வாங்கியது பிள்ளைகளின் தப்பாம். எல்லோரும் ஒரே மாதிரி எழுதித் தொலைத்தார்களே, ஆளுக்கு ஒரு வார்த்தை மாற்றி எழுதத் துப்பில்லையே. அடுத்த சேர்க்கைக்கு நூற்றிருபது பேர் வந்து நின்றார்கள். பூஜ்யம் வாங்கியவர்களில் முப்பது பேரும் அதில் இருந்தார்கள். ஒரு அப்பா முன்னுரையைத் தனியாக அழைத்துப் போய், என் மகளுக்குக் கொடுக்கிற கஷ்டத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, தனிக் கஷ்டமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். முன்னுரை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இவர்களுக்கு இதுவே அதிகம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

நூற்றிருபது கஷ்டம் தேவைப்பட்டது. அதனால் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கத் தொடங்கினார். உங்கள் மாமா என்ன வேலை, அத்தை எதில் விழுந்தாள், தாத்தாவுக்கு எந்தக் கால் போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஒருவன் வீட்டுத் தாத்தாவின் காலை இன்னொருத்தியின் மாமாவுக்கு மாட்டினார். எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நல்ல தாள்கட்டோடு மனைவி முன்னால் வைத்தார்.

மேசையில் அவள் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அச்சடித்த நீளமான படிவம். எட்டிப் பார்த்தார். நுழைவுத் தேர்வு விண்ணப்பம். வயது என்ற கட்டத்தில் முப்பத்தொன்பது என்று இருந்தது. பயிற்சி பெற்ற நிறுவனம் என்ற கட்டத்தில், அந்த அச்சு மாதிரிக் கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. யார் சொல்லிக் கொடுப்பார்கள் உனக்கு என்றார். யாரும் வேண்டாம் என்றாள். நான் இருக்கும்போது பயிற்சி இல்லை என்று எழுதினால் வெளியில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். அவள் தாள்கட்டை ஒரு விரலால் மேசையின் அவர் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த கட்டத்தை நிரப்பினாள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் தானே பேனாவைத் திறந்தார். அவருடைய கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், அவருக்கே மறுநாள் படிக்க வராது. இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன எழுதப்போற? ஏதாவது தயார் பண்ணி வெச்சிருக்கியா?"

அவள் படிவத்தைத் திருப்பி, கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தலைப்பு வரட்டும், பார்த்துக்கலாம்" என்றாள்.